கொடுத்த நேரமும் படிக்கும் நேரமும்

ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடும்போது, நாம் கேட்காமலேயே ஓர் உறுதி கிடைத்துவிடுகிறது. கூப்பிட்ட இடம் காத்திருக்கும். கூப்பிடப்பட்ட ஃபங்ஷன் வேலையை முடித்துத் திரும்பும்வரை அடுத்த வரி ஓடாது. அதனால்தான் உள்ளூர் வேரியபிள் ஒன்றின் முகவரியை எந்தக் கவலையும் இல்லாமல் ஆர்கியுமென்டாக, அதாவது ஃபங்ஷனுக்கான உள்ளீடாக, கொடுத்துவிட முடிகிறது. அந்த வேரியபிள் எங்கேயும் போய்விடாது, அதை வேறு யாரும் மாற்றவும் மாட்டார்கள். ஆர்கியுமென்ட் கொடுப்பது பற்றி நாம் கற்றுவைத்திருக்கிற எல்லாமே இந்தக் காத்திருப்பின் மேல்தான் நிற்கிறது. அது அவ்வளவு பழகிப்போனதால் கண்ணுக்கே தெரிவதில்லை.

த்ரெட், அதாவது ஒரே நிரலுக்குள் இணையாகத் தனியே ஓடும் ஓர் ஓட்டம், என்று வந்ததும் அந்தக் காத்திருப்பு போய்விடுகிறது. நிரல் கற்றுக்கொள்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதுதான்: தனி த்ரெட்டில் ஓடுகிற மெத்தடுக்கு ஆர்கியுமென்ட் எப்படிக் கொடுப்பது? ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஒவ்வொரு மொழியிலும் அதற்கென்று ஓர் எழுத்துமுறை இருக்கிறது. ஆனால் அந்த ஒரு வரியோடு அனுப்பிவைக்க எனக்கு மனம் வருவதில்லை. கொடுத்த மதிப்பை அந்த த்ரெட் எப்போது படிக்கும், அதுவரை அந்த மதிப்பு யார் கையில் இருக்கும் என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்காவிட்டால், எழுத்துமுறை சரியாக இருந்தும் நிரல் தவறாக ஓடும். தினமும் தவறாக ஓடினால்கூடப் பரவாயில்லை, பிடித்துவிடலாம். என்றைக்கோ ஒருநாள் மட்டும் தவறும்.

அடியிலிருந்து பார்ப்போம். சி மொழியில், யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்தின்படி த்ரெட்டுகளை உருவாக்கும் ஃபங்ஷன் நான்கு விஷயங்களைக் கேட்கிறது: த்ரெட்டின் அடையாளத்தை எழுதிவைக்க ஓர் இடம், அதன் அமைப்புகள், ஓட வேண்டிய ஃபங்ஷன், கடைசியாக ஒரே ஒரு வாய்டு பாயின்டர், அதாவது வகை குறிக்காத ஒரு முகவரி. அந்தக் கடைசி ஒன்றுதான் நம் ஆர்கியுமென்ட். 1995இல் போசிக்ஸ் தரத்துக்குள் வந்த நாளிலிருந்து இன்றுவரை இது மாறவில்லை. விண்டோஸிலும் இதே கதைதான், அங்கேயும் ஒரே ஒரு பாயின்டர்.

ஏன் ஒன்று மட்டும்? புதிய த்ரெட்டுக்குச் சொந்தமாக ஒரு ஸ்டாக், அதாவது உள்ளூர் வேரியபிள்கள் வாழும் நினைவகப் பகுதி, உண்டு, அது காலியாகத் தொடங்குகிறது. கூப்பிட்டவரின் ஸ்டாக்கில் இருக்கிற எதுவும் தானாக அங்கே போய்ச் சேராது. ஓட வேண்டிய ஃபங்ஷன் எத்தனை ஆர்கியுமென்டுகளை, எந்த வகைகளில் எதிர்பார்க்கிறது என்பது த்ரெட் நூலகத்துக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள சி மொழி வழியும் வைக்கவில்லை. ஆகவே எந்த வகையையும் சுட்டக்கூடிய ஒரு பாயின்டரை வாங்கி, ஃபங்ஷனின் முகவரியோடு சேர்த்துப் புதிய த்ரெட்டின் விவரப் பகுதியில் எழுதிவைத்துவிடுகிறது. த்ரெட் கண்விழித்ததும் அதை எடுத்து, முதல் ஆர்கியுமென்டுக்கான ரெஜிஸ்டரில் வைத்து ஃபங்ஷனுக்குள் குதிக்கிறது. இரண்டு மூன்று மதிப்புகள் வேண்டுமென்றால் அவற்றை ஒரு ஸ்ட்ரக்டில் கட்டி, அதன் முகவரியைக் கொடுக்க வேண்டும். சிக்கனமான, நேர்மையான வடிவமைப்பு என்றுதான் இதை நினைக்கிறேன். இதை ஒருமுறை கையால் எழுதிப் பார்த்தவர்களுக்கு மற்ற மொழிகள் திரைக்குப் பின்னால் என்ன செய்கின்றன என்பது எளிதாகப் புரியும்.

ஆனால் முகவரியைக் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாத் தொல்லையும் தொடங்குகிறது.

பாடப்புத்தகத்துக்கு வெளியே எல்லோரும் சந்திக்கிற உதாரணம் இது. 0 முதல் 9 வரை ஒரு லூப். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு த்ரெட். அதற்கு ஆர்கியுமென்டாக லூப் வேரியபிளின் முகவரி. ஒவ்வொரு த்ரெட்டும் தன் எண்ணை அச்சிட வேண்டும். பத்து எண்களும் வரிசை மாறியாவது வரும் என்று எதிர்பார்ப்போம். வருவதோ 2, 2, 4, 5, 5, 8, 10, 10, 10, 10 போல ஒன்று. 10 என்ற எண் லூப்பிலேயே கிடையாது, ஆனாலும் அச்சாகிறது.

பத்து த்ரெட்டுகளுக்கும் போய்ச் சேர்ந்தது ஒரே முகவரி. அதில் உள்ள மதிப்பை ஒவ்வொன்றும் படிப்பது, தான் ஓடத் தொடங்கிய பிறகு. அதற்குள் பிரதான த்ரெட் லூப்பைச் சுற்றிக்கொண்டே போயிருக்கும். சில த்ரெட்டுகள் எழும்போது லூப் முடிந்தே போயிருக்கும். லூப் நிற்க வேண்டுமானால் வேரியபிள் 10 ஆக வேண்டும் என்பதால் அவை 10ஐப் பார்க்கின்றன. கரும்பலகையில் ஓர் எண்ணை எழுதிவிட்டு, பத்துப் பேரிடம் "பலகையைப் பார்த்துக்கொள்" என்று சொல்லியபடி அதே எண்ணை அழித்து அழித்து எழுதிக்கொண்டிருப்பது போன்றது இது. ஒவ்வொருவரும் தான் திரும்பிப் பார்த்த கணத்தில் இருந்ததைத்தான் எடுத்துக்கொண்டு போவார்.

இந்தப் பிழையின் மோசமான குணம், பார்ப்பவரின் முன்னால் ஒழுங்காக நடந்துகொள்வது. லூப்புக்குள் ஏதாவது அச்சிட்டுப் பார்த்தால் லூப் மெதுவாகும். அதற்குள் த்ரெட்டுகள் எழுந்து படித்துவிடும், எண்கள் சரியாக வந்துவிடும். டீபக்கரில் ஒவ்வொரு அடியாக ஓட்டினாலும் அப்படித்தான். ஒவ்வொரு சுற்றிலும் சில மில்லிவினாடி தூங்கவைத்துவிட்டு "சரியாகிவிட்டது" என்று விடப்பட்ட கோடை நான் மதிப்பாய்வுகளில் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட இடத்தைப் பார்த்தால் நான் கண்டிப்பாக நிறுத்திப் பேசுவேன். தூக்கம் எதையும் சரிசெய்யவில்லை. வேரியபிள் இன்னும் பொதுவாகவேதான் இருக்கிறது. சர்வரில் சுமை ஏறி, த்ரெட் எழுவதற்கு அந்த மில்லிவினாடிகளைவிடச் சற்று அதிக நேரமானால் பிழை திரும்ப வந்துவிடும். அப்போது அதைத் தேடுபவர் வேறொருவராக இருப்பார்.

தீர்வு ஒன்றும் கடினமில்லை. ஒவ்வொரு த்ரெட்டுக்கும் அதற்கே உரிய ஒரு நகல் வேண்டும். பத்து இடங்கள் கொண்ட ஓர் அரேயை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு த்ரெட்டுக்கும் அதற்கான இடத்தின் முகவரியைக் கொடுக்கலாம். அல்லது ஹீப்பில், அதாவது நாமே விடுவிக்கும்வரை நிலைத்திருக்கும் நினைவகத்தில், புதிதாக இடம் ஒதுக்கி, மதிப்பை எழுதி, அந்த முகவரியைக் கொடுத்துவிட்டு, வேலை முடிந்ததும் அதை விடுவிக்கும் பொறுப்பையும் த்ரெட்டிடமே ஒப்படைக்கலாம். இரண்டாவது வழி எனக்கு அதிகம் பிடிக்கும், யார் பொறுப்பு என்பதில் அங்கே குழப்பமே இல்லை. வெறும் ஓர் எண்தான் என்றால் அந்த எண்ணையே பாயின்டர் அளவுக்கு மாற்றி அனுப்புகிறவர்களும் உண்டு. பார்க்க அழகாக இராது, ஆனால் முகவரிக்குப் பதில் மதிப்பே பயணம் செய்வதால் இந்தப் பிழைக்கு அங்கே இடமில்லை.

இது சி மொழியின் தலைவலி மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்காகக் கொஞ்சம் வரலாறு. சி ஷார்ப்பில் முதலில் ஆர்கியுமென்டே இல்லாத மெத்தடைத்தான் த்ரெட்டாக ஓட்ட முடிந்தது. 2005இல் டாட் நெட் 2.0 வந்தபோது, ஆப்ஜெக்ட் வகையில் ஒரே ஓர் ஆர்கியுமென்டை ஏற்கிற வடிவம் சேர்ந்தது. வாய்டு பாயின்டரின் இன்னொரு பிறவிதான் அது. உள்ளே போய் நாமே சரியான வகைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், தவறாக மாற்றினால் ஓடும்போதுதான் தெரியும். பிறகு லாம்டா, அதாவது பெயரில்லாமல் அங்கேயே எழுதப்படும் ஃபங்ஷன், வந்தது. எல்லோரும் நிம்மதியாக லாம்டாவுக்குள் வேண்டிய வேரியபிள்களை எழுதி த்ரெட்டுக்குக் கொடுத்தார்கள். வகை மாற்றம் தேவையில்லை, எத்தனை மதிப்புகள் வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

ஆனால் லாம்டா பிடித்துவைப்பது வேரியபிளை. அதிலுள்ள மதிப்பை அது நகலெடுப்பதில்லை. லூப் வேரியபிளைப் பிடித்தால் சி மொழியில் பார்த்த அதே பிழை, இந்த முறை ஒரு பாயின்டர்கூடக் கண்ணில் படாமல். அதனால்தான் இது இன்னும் ஆபத்தானது. முகவரியைக் கொடுக்கிறோம் என்று எழுதும் கைக்குத் தெரிந்தால் ஒரு கணமாவது யோசிப்போம். லாம்டாவில் அப்படி எந்த அடையாளமும் இல்லை. பலரும் இதில் மாட்டிக்கொண்டே இருந்ததால் 2012இல் சி ஷார்ப் 5, ஃபோர்-ஈச் லூப்பின் வேரியபிளை ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாக ஆக்கியது. மொழியின் பழைய நடத்தையை மாற்றுவது எவ்வளவு பெரிய முடிவு என்பது அந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். சாதாரண ஃபோர் லூப்பில் பழைய நடத்தை அப்படியே இருக்கிறது. அங்கே இன்றும் சுற்றுக்குள் ஒரு புதிய வேரியபிளை அறிவித்து, அதில் நகலெடுத்துத்தான் லாம்டாவுக்குக் கொடுக்க வேண்டும்.

கோ மொழியில் இது இன்னும் சுவாரசியமானது. அங்கே கோரூட்டீனை, அதாவது கோ மொழியின் இலகுவான த்ரெட்டை, தொடங்கும்போது ஃபங்ஷனையும் ஆர்கியுமென்டுகளையும் சேர்த்தே எழுதலாம், எத்தனை வேண்டுமானாலும். அந்த ஆர்கியுமென்டுகள் தொடங்கிவைக்கிறவரின் பக்கத்திலேயே, அந்தக் கணத்திலேயே கணக்கிடப்படுகின்றன என்று மொழியின் விதி சொல்கிறது. அதாவது படிக்கும் நேரத்தைக் கொடுக்கும் நேரத்துக்கே இழுத்துவந்துவிட்டார்கள். எவ்வளவு தெளிவான ஏற்பாடு! ஆனால் அதே இடத்தில் ஆர்கியுமென்ட் இல்லாத க்ளோஷரை, அதாவது சுற்றியுள்ள வேரியபிள்களைப் பிடித்துக்கொள்ளும் ஃபங்ஷனை, எழுதி, வெளியே உள்ள லூப் வேரியபிளை உள்ளே பயன்படுத்தினால் பழைய பள்ளத்திலேயே விழுவோம். பத்தாண்டுக்கும் மேல் கோ எழுதியவர்கள் எல்லாம் இதில் விழுந்திருக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் வந்த 1.22 பதிப்பு லூப் வேரியபிளைச் சுற்றுக்கு ஒன்றாக மாற்றியது. அந்த மாற்றத்துக்கான முன்மொழிவு எடுத்துக்காட்டிய சம்பவங்களில் ஒன்று, 2020இல், இணையதளங்களுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் நிறுவனத்தின் மென்பொருளில் வெளிப்பட்டது. அதில் த்ரெட்டுக்குப் பங்கில்லை, லூப் வேரியபிளின் முகவரியை எடுத்துவைத்ததுதான் காரணம். அந்த ஒரு பிழையால் 30 லட்சம் சான்றிதழ்களுக்கு மேல் பாதிக்கப்பட்டன. சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் நினைவுபடுத்துவேன்.

லூப்பை விட்டுவிடுவோம். லூப்பே இல்லாவிட்டாலும் இன்னொரு கண்ணி இருக்கிறது, ஆயுள். ஒரு ஃபங்ஷன் த்ரெட்டைத் தொடங்கிவிட்டுத் திரும்பிவிடுகிறது. அதன் உள்ளூர் வேரியபிள் வாழ்ந்த ஸ்டாக் பகுதி வேறொரு ஃபங்ஷனுக்குப் போய்விடுகிறது. த்ரெட் கையில் வைத்திருக்கும் முகவரி மட்டும் பழையது. பயனற்ற நினைவகத்தைத் தானாக விடுவிக்கும் குப்பை சேகரிப்பு உள்ள மொழிகளில் இந்தக் கவலை கிடையாது, யாராவது பிடித்திருக்கும்வரை அந்தப் பொருள் உயிரோடிருக்கும். சி++இல் உண்டு. அதைத் தெரிந்துதான் 2011இல் தரத்துக்குள் வந்த த்ரெட் வகுப்பு, நாம் கொடுக்கிற ஒவ்வொரு ஆர்கியுமென்டையும் முதலில் நகலெடுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. ஃபங்ஷன் ரெஃபரன்ஸாக, அதாவது நகலின்றி மூல வேரியபிளையே சுட்டும்படி, வாங்கினாலும் நகலெடுப்பு நடக்கும். மாற்றக்கூடிய ரெஃபரன்ஸ் என்றால் கம்பைலரே மறுத்துவிடும், உண்மையிலேயே ரெஃபரன்ஸ்தான் வேண்டுமென்றால் ரெஃப் என்ற உறையைப் போட்டு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஆபத்தான வழியை எழுத அதிகம் உழைக்க வேண்டும், பாதுகாப்பான வழி தானாகக் கிடைக்க வேண்டும். மொழி வடிவமைப்பில் நான் மிகவும் மதிக்கும் கொள்கை இது.

ஆனாலும் ஓர் ஓட்டை. உள்ளூர் எழுத்து அரே ஒன்றைக் கொடுக்கிறோம், த்ரெட்டில் ஓடும் ஃபங்ஷன் ஸ்ட்ரிங் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நகலெடுக்கப்படுவது அந்த அரேயின் பாயின்டர் மட்டும். ஸ்ட்ரிங்காக மாறுவது புதிய த்ரெட்டுக்குள், பிற்பாடு. அதற்குள் கூப்பிட்ட ஃபங்ஷன் திரும்பியிருந்தால் மாற்றுவதற்கு அங்கே எதுவும் இராது. கொடுக்கும் இடத்திலேயே ஸ்ட்ரிங்காக மாற்றிக் கொடுத்தால் தீர்ந்தது. நகலெடுத்தோம் என்ற நிம்மதியில் எதை நகலெடுத்தோம் என்று பார்க்காமல் விடுவதன் விளைவு இது.

பைத்தானின் கண்ணிகள் வேறு ரகம், அவை பெரும்பாலும் எழுத்துமுறையில். ஃபங்ஷனின் பெயரை மட்டும் கொடுப்பதற்குப் பதில் அடைப்புக்குறியோடு எழுதிவிட்டால், அது அங்கேயே, பிரதான த்ரெட்டிலேயே ஓடி முடிந்துவிடும். புதிய த்ரெட்டுக்குப் போவது அது திருப்பிக்கொடுத்த மதிப்பு, பெரும்பாலும் ஒன்றுமில்லை. அந்த த்ரெட் எழுந்து, செய்ய வேலையின்றி, புகார் சொல்லாமல் முடிந்துவிடும். வேலை நடந்தது போலவே தோன்றும், ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக நடந்திருக்கும். இன்னொன்று, ஒற்றை ஆர்கியுமென்டுக்குப் பின் வர வேண்டிய காற்புள்ளி. அது இல்லாவிட்டால் ஆர்கியுமென்டுகளைத் தொகுக்கும் டியூபிள் உருவாகாது. கொடுத்தது ஸ்ட்ரிங்காக இருந்தால் அதன் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனி ஆர்கியுமென்டாகப் பிரியும். ஓரெழுத்து ஸ்ட்ரிங்கை வைத்துச் சோதித்தவருக்கு எல்லாம் சரியாக ஓடும், உண்மையான பெயர் வந்ததும்தான் பிழை வரும். இவற்றை ஒருமுறை கற்றுக்கொண்டால் போதும்.

ஜாவாவில் நின்று பேச வேண்டியது வேறு. அங்கே த்ரெட்டில் ஓடும் ரன் மெத்தடுக்கு ஆர்கியுமென்டே கிடையாது, 1996இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே அப்படித்தான். வேண்டியதை, ஆப்ஜெக்டை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டர் வழியாக வாங்கி ஆப்ஜெக்டின் ஃபீல்டுகளில் வைத்துக்கொள்ள வேண்டும், ரன் அவற்றைப் படிக்கும். சுற்றுவழி என்று பலர் அலுத்துக்கொள்வார்கள். எனக்கு அது பிடிக்கும். ஒரு வேலைக்கு என்னென்ன தேவை என்பது ஒரு வகுப்பின் வடிவில் எழுத்தில் வந்துவிடுகிறது. லாம்டா எழுதினாலும், பிடிக்கும் உள்ளூர் வேரியபிள் பிறகு மாறவே கூடாது என்று ஜாவா கட்டாயப்படுத்துகிறது. சி ஷார்ப்பும் கோவும் விழுந்த பள்ளத்தை அந்த ஒரு விதி ஃபோர் லூப்பில் மூடிவிட்டது.

இங்கே ஒரு கேள்வி வரும், பலருக்கு வருவதே இல்லை. ஒரு த்ரெட் எழுதியது இன்னொரு த்ரெட்டின் கண்ணுக்குத் தெரியும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? செயலியின் ஒவ்வொரு கோருக்கும் தனி கேஷ் (தற்காலிக நினைவகம்) இருக்கிறது, கம்பைலர் வரிசையை மாற்றலாம். அப்படியிருக்க, ஃபீல்டில் வைத்த மதிப்பைப் புதிய த்ரெட் சரியாகப் பார்க்கும் என்று எதை வைத்து நம்புகிறோம்? த்ரெட்டைத் தொடங்கிவைக்கும் ஸ்டார்ட் மெத்தடைக் கூப்பிடும் முன் நடந்த எல்லாமும், தொடங்கிய த்ரெட்டின் முதல் செயலுக்கு முன்பே நடந்ததாகக் கருதப்படும் என்று ஜாவாவின் நினைவக மாதிரி உறுதி தருகிறது. போசிக்ஸ், சி++, கோ எல்லாவற்றிலும் இதற்கு இணையான உறுதி உண்டு. அந்த உறுதி ஸ்டார்ட்டோடு முடிகிறது. தொடங்கியபின் அதே ஃபீல்டில் வேறு மதிப்பை வைத்துவிட்டு த்ரெட் அதைப் பார்க்கும் என்று எதிர்பார்த்தால், இதை உறுதிசெய்யும் லாக்கோ வாலடைலோ இல்லாமல் அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. கன்ஸ்ட்ரக்டருக்குள்ளேயே த்ரெட்டைத் தொடங்கிவிடுகிற பழக்கத்தையும் இதனால்தான் எதிர்க்கிறேன். ஸ்டார்ட்டுக்குப் பின் வரும் வரிகளில், சப்கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரில், நிரப்பப்படுகிற ஃபீல்டுகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. பாதி கட்டிய ஆப்ஜெக்டைத்தான் த்ரெட் பார்க்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஆர்கியுமென்டை நகலெடுத்தோம், தொடங்கும் முன்பே கொடுத்தோம், ஆயுளும் சரி. ஆனால் கொடுத்தது ஒரு லிஸ்ட் என்றால் நகலானது அதன் ரெஃபரன்ஸ்தான். லிஸ்ட் ஒன்றேதான். த்ரெட்டைத் தொடங்கிவிட்டு அதே லிஸ்ட்டைக் காலிசெய்து அடுத்த தொகுதிக்குப் பயன்படுத்தும் கோடை எழுதுவது மிக எளிது. முன்பே உருவாக்கி மறுபடி மறுபடி பயன்படுத்தும் த்ரெட்டுகளின் தொகுப்பான த்ரெட் பூலுக்குக் கொடுக்கும் வேலைகளில் இது இன்னும் மோசம், ஏனென்றால் வேலை வரிசையில் எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. மாறாத பொருளைக் கொடுங்கள், அல்லது கொடுத்த பிறகு தொடாதீர்கள்.

"கொடுத்த பிறகு தொடாதே" என்பதை மனிதர்களின் ஒழுக்கத்துக்கு விடாமல் கம்பைலரே காவல் காக்கும் மொழி ரஸ்ட். த்ரெட்டுக்குக் கொடுக்கும் க்ளோஷர் மூவ் என்று எழுதப்பட்டால், அது பிடித்த மதிப்புகளின் உரிமை அங்கே போய்விடுகிறது. பழைய இடத்தில் அந்த வெக்டரை மறுபடி தொட்டால் நிரல் கம்பைலே ஆகாது. மூவ் எழுத மறந்து உள்ளூர் வேரியபிளைக் கடன் வாங்கினாலும் ஆகாது, இந்த க்ளோஷர் ஃபங்ஷனைவிட அதிக நாள் வாழக்கூடும் என்று காரணத்தோடு சொல்லும். ஒரு பொருளை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணிவைக்கும், ஆனால் த்ரெட்டுகளுக்கிடையே பகிரத் தகுதியற்ற ஆர்சி போன்ற வகையைக் கொடுத்தாலும் நிற்கும், அதன் த்ரெட்-பாதுகாப்பான வடிவமான ஆர்க்கைப் பயன்படுத்த வேண்டும். நான் மேலே பல பத்திகளில் எச்சரித்ததில் பெரும்பகுதி அங்கே பிழைச் செய்திகளாக வந்து நிற்கிறது. முதல் முறை அவற்றைப் படித்தபோது, இத்தனை ஆண்டுகளாக வாய்மொழியாகச் சொல்லிவந்ததை ஒரு கருவி எழுத்தில் சொல்கிறதே என்று எனக்கு உண்மையான மகிழ்ச்சி.

ரஸ்ட்டுக்கும் இது எளிதாக வரவில்லை. த்ரெட் முடியும்வரை கூப்பிட்டவர் காத்திருப்பார் என்று தெரிந்தால் உள்ளூர் வேரியபிளைக் கடன் கொடுக்கலாமே என்று ஒரு வசதி தொடக்கத்தில் இருந்தது. அந்தக் காத்திருப்பு ஒரு காவல் ஆப்ஜெக்டின் டெஸ்ட்ரக்டரை, அதாவது பொருள் அழியும்போது ஓடும் கோடை, நம்பியிருந்தது. டெஸ்ட்ரக்டரே ஓடாமல் ஒரு பொருளைக் கைவிடுவது பாதுகாப்பான கோடிலேயே சாத்தியம் என்று தெரியவந்ததும், 2015இல் 1.0 வெளியாகும் தறுவாயில் அதை எடுத்துவிட்டார்கள். 2022 ஆகஸ்டில் 1.63 பதிப்பில், ஒரு ஸ்கோப்புக்குள் தொடங்கிய எல்லா த்ரெட்டுகளும் முடியாமல் அந்த ஸ்கோப் திரும்பாது என்ற வேறு வடிவத்தில் அது திரும்ப வந்தது. ஸ்கோப்பின் ஆயுளுக்குள் அந்தப் பழைய உறுதி மீண்டும் கிடைக்கிறது: கூப்பிட்ட இடம் காத்திருக்கும்.

பிரவுசரில் பின்னணியில் தனியாக ஓடும் வொர்க்கர்கள் இதே கேள்விக்கு இன்னொரு விதமாகப் பதில் சொல்கின்றன. அனுப்புகிற செய்தி ஆழமாக நகலெடுக்கப்படும். பெரிய பஃபரை நகலெடுக்க மனமில்லையென்றால் உரிமையோடு மாற்றிவிடலாம், அதன்பின் அனுப்பியவரிடம் அந்த பஃபரின் நீளம் பூஜ்யம். ஓடும்போது நடக்கிற சோதனை என்றாலும் நோக்கம் அதுவேதான்.

ஆர்கியுமென்டாகவே எழுதாமல் கொடுக்கப்படுகிற மதிப்புகளையும் சொல்லியாக வேண்டும். இந்தக் கோரிக்கை யாருடையது, எந்த மொழியில் பதில் வேண்டும், பதிவேட்டில் எந்த அடையாளம் எழுத வேண்டும் என்பவற்றை ஒவ்வொரு மெத்தடுக்கும் கொடுத்துக்கொண்டே போவது சலிப்பூட்டும் என்று ஜாவாவில் த்ரெட்லோக்கலில், அதாவது ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனித்தனி மதிப்பு இருக்கும் வேரியபிளில், போட்டுவைப்பார்கள். ஒரே த்ரெட்டில் வேலை முடிந்தால் சரி. இன்னொரு த்ரெட்டுக்கு வேலை போனால் அந்த மதிப்பு கூடப் போகாது. மரபாகப் பெறும் வகையைப் பயன்படுத்தினால், அது நகலாவது த்ரெட் பிறக்கும்போது. பூலில் உள்ள த்ரெட் பிறந்தது வேறு யாருக்கோ நடந்த வேலைக்காக. அதனால் ஒருவருடைய விவரம் இன்னொருவருடைய வேலையில் வந்து நிற்கலாம். வேலை முடிந்ததும் துடைக்க மறந்தாலும் இதே விளைவுதான். 2025 செப்டம்பரில் வந்த ஜாவா 25இல் நிலைபெற்ற ஸ்கோப்டு வேல்யூ இந்த இடத்துக்கு நல்ல மாற்று. வைத்த மதிப்பை மாற்ற முடியாது, குறிப்பிட்ட பகுதி முடிந்ததும் தானாகப் போய்விடும். ஆனாலும் யாருடைய அனுமதியில் ஒரு வேலை ஓடுகிறது என்பது போன்ற முக்கியமான மதிப்பை நான் இன்றும் வேலையின் கன்ஸ்ட்ரக்டரில்தான் கேட்பேன். வரி நீளும், பரவாயில்லை. கொடுக்க மறந்தால் கம்பைலர் சொல்லிவிடும்.